எபிஸ்கோப்பல் சபை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

நான் பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள். இப்போது நியூஜெர்சியில் ஓர் எபிஸ்கோப்பல் சபையில், அதாவது அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபையில், இருக்கிறேன், அதன் நிர்வாகக் குழுவான வெஸ்ட்ரியிலும் வேலை செய்கிறேன். அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களும் ஊரில் இருக்கும் பெற்றோர்களும் இந்தச் சபையைப் பற்றிக் கேட்டவற்றில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் குருவானவர் இல்லை, சபையாள்தான்.

டாலஸிலிருந்து ஒரு தம்பி: அக்கா, நான் சி.எஸ்.ஐ. இந்தச் சபைக்குப் போனால் திரும்ப ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வார்களா?

சொல்ல மாட்டார்கள். தண்ணீரால், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரில் பெற்ற ஞானஸ்நானம் எந்தச் சபையில் நடந்திருந்தாலும் செல்லும். பேராயர் கைவைத்துத் திடப்படுத்தல் செய்திருந்தால் அதையும் மறுபடி செய்ய வேண்டியதில்லை. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சி.எஸ்.ஐ. உருவானபோது அதில் சேர்ந்த சபைகளில் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்று. இன்று சி.எஸ்.ஐ.யும் எபிஸ்கோப்பல் சபையும், இங்கிலாந்து சபையோடு உறவுள்ள உலகச் சபைகளின் குடும்பமான ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இருக்கின்றன. முதல் ஞாயிறே ஆராதனை முறை பழகியதுபோல இருக்கும். பாட்டுத்தான் வேறு.

சென்னையிலிருந்து ஓர் அம்மா: என் மகன் சிகாகோவில் இந்தச் சபைக்குப் போகிறான். "அங்கே எதையும் நம்பலாம், எதையும் நம்பாமலும் இருக்கலாம்" என்று எங்கள் ஜெபக்குழுவில் சொல்கிறார்கள். உண்மையா?

அம்மா, இது உண்மை இல்லை. அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் ஞாயிறு திருவிருந்து ஆராதனையில் எல்லாரும் எழுந்து நின்று சொல்வது நிசேயா விசுவாசப் பிரமாணம். நீங்கள் சென்னையில் சொல்லும் அதே பிரமாணம்தான். திரித்துவம், கிறிஸ்துவின் மரணம், உயிர்த்தெழுதல், அவர் திரும்ப வருவது, எல்லாம் அதில் இருக்கிறது. பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம் என்று வேதபாடங்களை வரிசையாக வாசிப்பார்கள். இன்ன ஞாயிறு இன்ன பகுதி என்று மூன்று வருடச் சுற்றாக அட்டவணை இருப்பதால், பிரசங்கியார் தனக்குப் பிடித்த வசனத்தையே சுற்றிச் சுற்றி வர முடியாது.

சபைகள் ஒன்று சேர எவை கட்டாயம் வேண்டும் என்று 1886-ல் சிகாகோவில் இந்தச் சபையின் பேராயர்கள் நான்கைக் குறித்தார்கள்: வேதாகமம், விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், பேராயர் ஊழியம். இந்த நான்கும் பிடிமானம். இவற்றுக்குள் நின்றுகொண்டு, திருவிருந்தில் கிறிஸ்து எப்படி இருக்கிறார் என்பது போன்றவற்றில் ஆளுக்கொரு விளக்கம் வைத்துக்கொள்வார்கள். அந்த விளக்கத்தைக் காரணம் காட்டி யாரையும் வெளியே தள்ளுவதில்லை. இதைப் பார்த்துத்தான் வெளியே இருப்பவர்கள் "எதையும் நம்பாதவர்கள்" என்று நினைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாரையும் வரவேற்பது விசுவாசத்தைத் தளர்த்தியதால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஞானஸ்நானத்தின்போது சபை முழுவதும் கொடுக்கும் வாக்கைப் பார்த்தால் இது புரியும். எல்லா மனிதரிடத்திலும் கிறிஸ்துவைத் தேடிச் சேவிப்பாயா, ஒவ்வொரு மனிதரின் மாண்பையும் மதிப்பாயா என்று கேட்பார்கள். "தேவனுடைய உதவியோடு செய்வேன்" என்று பதில் சொல்ல வேண்டும். இது 1979-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. வாசலில் நிற்பவரை வரவேற்பது அந்த வாக்கைக் காப்பாற்றுவதுதான்.

சான் ஹோசேயிலிருந்து: நான் இந்து, மனைவி கிறிஸ்தவர். கூடப் போகலாமா? அப்பமும் திராட்சை ரசமும் கொடுத்தால் என்ன செய்வது?

தாராளமாகப் போங்கள். திருவிருந்து ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு என்பதுதான் சபையின் சட்டம். சில சபைகளில் எல்லாரையும் மேசைக்கு அழைக்கிறார்கள் என்பதும் உண்மை. உங்களுக்குச் சங்கடம் இல்லாத வழி ஒன்று இருக்கிறது. மனைவியோடு பீடத்தின் முன்னால் போய், இரு கைகளையும் மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள். குருவானவர் புரிந்துகொண்டு தலைமேல் கைவைத்து ஆசீர்வதிப்பார். இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மனைவி செய்வதைக் கவனித்தால் முறை தெரிந்துவிடும். இடது உள்ளங்கையின் மேல் வலது கையை விரித்து வைப்பார், அப்பத்தை அதில் வைப்பார்கள். பிறகு கிண்ணம் வரும். ஒருவர் குடித்ததும் விளிம்பைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். கோடீஸ்வரரும் வேலை போனவரும் ஒரே கிண்ணத்தில் குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

டொராண்டோவிலிருந்து ஒரு கத்தோலிக்கத் தங்கை: பூசை மாதிரி இருக்குமா? மாதா, பாவசங்கீர்த்தனம்?

பூசையிலிருந்து வருகிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. மாதாவின் திருநாளும் புனிதர்களின் நாட்களும் உண்டு, போப்பின் அதிகாரம் கிடையாது, குருவானவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம். குருவானவரிடம் தனியாகப் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனமும் உண்டு. "எல்லாரும் செய்யலாம், யாருக்கும் கட்டாயமில்லை, சிலர் செய்வது நல்லது" என்பார்கள். இங்கே உங்களுக்குத் திருவிருந்து கொடுப்பார்கள். ஆனால் உங்கள் திருச்சபை அதை அனுமதிப்பதில்லை, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: பெண்கள் குருவானவர் ஆனது எப்படி?

போராடித்தான். 1974 ஜூலை 29-ல் பிலடெல்பியாவில் பதினொரு பெண்களுக்கு, சபை அனுமதி கொடுப்பதற்கு முன்பே, ஓய்வுபெற்ற பேராயர்கள் குருப்பட்டம் கொடுத்துவிட்டார்கள். பெரிய கொந்தளிப்பு. 1976-ல் சபையின் சட்டங்களை முடிவுசெய்யும் பொது மாநாடு வழி திறந்தது. 1989-ல் பார்பரா ஹாரிஸ் என்ற கறுப்பினப் பெண் மாசசூசெட்ஸில் பேராயராக அபிஷேகம் பெற்றார். உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்திலேயே முதல் பெண் பேராயர் அவர்தான். 2006-ல் கேதரின் ஜெஃபர்ட்ஸ் ஷோரி முழுச் சபைக்கும் தலைமைப் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் சி.எஸ்.ஐ.யிலும் 2013-ல் புஷ்பா லலிதா நந்தியால் பேராயரானார், தெரியுமா?

பெயர் வேண்டாம் என்று எழுதிய ஒரு தம்பி: நான் தன்பாலீர்ப்பு உள்ளவன். ஊரில் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன். இங்கே என்னை உள்ளே விடுவார்களா?

விடுவார்கள் தம்பி. வாசல் வரைக்கும் மட்டும் இல்லை. பாடகர் குழுவில் பாடலாம், வேதபாடம் வாசிக்கலாம், வெஸ்ட்ரிக்குத் தேர்ந்தெடுக்கப்படலாம், அழைப்பு இருந்தால் குருவானவரும் ஆகலாம். 2003-ல் ஜீன் ராபின்சன் நியூ ஹாம்ப்ஷயருக்குப் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். துணையோடு வெளிப்படையாக வாழ்ந்தவர் அவர். 2015-ல் பொது மாநாடு ஒரே பாலினத்தவரின் திருமணத்துக்கும் வழி செய்தது.

இதற்குச் சபை கொடுத்த விலையும் பெரியது. பலர் பிரிந்துபோய் 2009-ல் வேறு சபை அமைத்தார்கள். ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் பல நாட்டுச் சபைகள் இதை ஏற்கவில்லை. எபிஸ்கோப்பல் சபைக்குள்ளேயே மனம் ஒப்பாதவர்கள் இருக்கிறார்கள், எந்தத் திருமணத்தையும் நடத்த மறுக்கும் உரிமை குருவானவருக்கு உண்டு. அதனால் எந்தச் சபைக்குப் போவது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: ஞானஸ்நானத்தில் உங்கள் நெற்றியில் போட்ட சிலுவையை அழிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

ஆஸ்டினிலிருந்து: வெள்ளைக்காரப் பணக்காரர்களின் சபை என்கிறார்களே?

அந்தப் பேர் சும்மா வரவில்லை. அடிமைகளை வைத்திருந்தவர்கள் இந்தச் சபையில் நிறைய இருந்தார்கள். அப்சலோம் ஜோன்ஸ் அடிமையாகப் பிறந்தவர். வேறொரு சபையில் ஜெபத்தின் நடுவே கறுப்பர்களை எழுப்பி இடம் மாறச் சொன்னபோது வெளியேறியவர். அவர் தலைமையில் பிலடெல்பியாவில் 1794-ல் புனித தோமா ஆப்பிரிக்க எபிஸ்கோப்பல் கோயில் திறந்தது. இந்தச் சபையின் முதல் கறுப்பினக் குருவானவர் அவர்தான். அவரைக் குருவானவராக ஏற்ற அதே திருமண்டலம், அந்தக் கோயிலாருக்குத் தன் மாநாட்டில் பல பத்தாண்டுகள் இடம் கொடுக்கவில்லை. 2008-ல் அதே புனித தோமா சபையில் வைத்து, அடிமை முறையில் தனக்கிருந்த பங்குக்காக எபிஸ்கோப்பல் சபை மனஸ்தாப ஆராதனை நடத்தியது. 2015-ல் முதல்முறையாக ஒரு கறுப்பினத்தவர், மைக்கேல் கறி, தலைமைப் பேராயரானார். வேலை முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பல ஊர்களில் நம்மைப்போன்றவர்கள் இரண்டு மூன்று குடும்பம்தான் இருப்போம்.

அதே ஊர், இன்னொருவர்: நான் விஞ்ஞானம் படிப்பவன். கேள்வி கேட்டால் முகம் சுளிப்பார்களா?

ஞானஸ்நானம் முடிந்த உடனே குருவானவர் செய்யும் ஜெபத்தில், இவருக்கு "தேடி ஆராயும் இருதயத்தைத் தாரும்" என்று கேட்கிறார். கேளுங்கள்.

வேலூர் அண்ணன்: வரவேற்பு, வரவேற்பு என்கிறீர்கள். செயலில் காட்டிய ஒரு சபையைச் சொல்லுங்கள்.

நியூயார்க்கில் ஒன்பதாம் அவென்யூவும் இருபத்தெட்டாம் தெருவும் சேரும் இடத்தில் பரிசுத்த அப்போஸ்தலர் கோயில் இருக்கிறது. 1840-களில் கட்டியது, பழைய வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கும். 1982-ல் பசித்தவர்களுக்கு மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். 1990-ல் தீ விபத்து, கூரை போனது. சாப்பாடு நிற்கவில்லை. பழுது பார்த்துத் திறந்தபோது பழைய நீள பெஞ்சுகளைத் திரும்பப் போடவில்லை. ஆராதனை நடக்கும் அதே கூடத்தில் மேசை நாற்காலி போட்டார்கள், ஞாயிறன்று பாடும் இடத்திலேயே மற்ற நாட்களில் பந்தி. நம் ஊர்க் கோயில்களில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனம் நினைவுக்கு வருகிறதா? இங்கே அது வாரநாட்களில் எல்லாம் நடக்கிறது, யார், எந்த மதம் என்று கேட்பதில்லை. இதே கோயில்தான் 1973-ல் இடம் இல்லாத ஒரு யூத தன்பாலீர்ப்புச் சபைக்கு வழிபாடு நடத்த இடம் கொடுத்தது.

ஒரு தங்கை: தசமபாகம் கட்டாயமா? என்ன உடுத்துவது? கைக்குழந்தை அழுமே?

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகமாகக் கொடுப்பது கட்டாயம் இல்லை. வருடத்துக்கு இவ்வளவு தருவேன் என்று நீங்களே எழுதிக் கொடுக்கலாம். விருந்தாளியாக வருகிறவரிடம் காணிக்கைத் தட்டை யாரும் நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. சேலை, சுடிதார், ஜீன்ஸ் எதுவும் சரி. குழந்தை அழுதால் அழட்டும், எங்கள் சபையில் பின்னால் ஒரு பாயும் பொம்மைகளும் வைத்திருக்கிறோம். பத்து நிமிடம் முன்னால் போய், வாசலில் நிற்பவரிடம் "புதிதாக வந்திருக்கிறேன்" என்று சொன்னால், ஜெபப் புத்தகத்தில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவரே பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவார். ஆராதனை முடிந்ததும் காபி உண்டு, அதற்கு இருந்துவிட்டுப் போங்கள். டிசம்பர் 24 இரவு போவதாக இருந்தால் மட்டும் அரை மணி நேரம் முன்னாலேயே போங்கள், அன்றைக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.