ஜூலை 1914 இன்னும் கொஞ்சம் மெதுவா போயிருந்தா? - வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல முதல் உலகப்போர் பத்திதான், அதுலயும் எல்லாமே "அப்படி நடந்திருந்தா", "இப்படி நடக்காம இருந்திருந்தா" வகை. எனக்கு ரொம்ப புடிச்ச ஏரியா, அதனால இந்த வாரம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: சரயேவோல டிரைவர் தப்பான ரோட்டுல திரும்புனதாலதான் உலகப்போரே வந்துச்சுன்னு சொல்றாங்க. அவர் நேரா போயிருந்தா எதுவுமே நடந்திருக்காதா? பிரின்சிப் அப்போ சாண்ட்விச் வாங்க வந்தாராமே?

சாண்ட்விச் கதைய விட்ருங்க, அது ரொம்ப வருஷம் கழிச்சு யாரோ கிளப்பிவிட்டது. 1914 ஜூன் 28 காலைல, ஆஸ்திரிய ஆட்சில இருந்த போஸ்னியாவோட தலைநகர் சரயேவோவுக்கு வந்த பட்டத்து இளவரசர கொல்ல, அந்த ஆத்தங்கரை ரோட்டுல ஒருத்தர் இல்ல, போஸ்னிய செர்பியரான பிரின்சிப்பையும் சேத்து ஆறு பேர் ஆயுதத்தோட நின்னாங்க. அதுல கப்ரினோவிச் வீசுன குண்டு ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் கார் மேல பட்டு தெறிச்சு பின்னாடி போய் வெடிச்சு, பின்னாடி கார்ல இருந்தவங்களுக்கு அடி. டவுன்ஹால் நிகழ்ச்சி முடிஞ்சதும் அடிபட்ட அதிகாரிய ஆஸ்பத்திரில போய் பாக்கணும்னு இளவரசர் சொல்ல, ரூட்ட மாத்துறாங்க, ஆனா மாத்துன விஷயத்த டிரைவர்கிட்ட யாரும் சொல்லல. அவர் பழைய பிளான்படியே வலது பக்கம் திரும்ப, கூட இருந்த கவர்னர் பொட்டியோரெக் "இது தப்பு, நிறுத்து"ன்னு கத்த, வண்டி நின்ன இடத்துல சில அடி தூரத்துல பிரின்சிப் நின்னுட்டு இருந்தார். ரெண்டே குண்டு, இளவரசரும் அவரோட மனைவி சோஃபியும் காலி.

நேரா போயிருந்தா அன்னிக்கு பிழைச்சிருப்பார், அதுல சந்தேகமே இல்ல. அப்புறம் என்ன ஆயிருக்கும்கிறதுதான் எனக்கு முக்கியமா படுது. ஆஸ்திரியாவோட ராணுவத் தலைமைத் தளபதி கோன்ராட், செர்பியா மேல படையெடுக்கணும்னு 1913ல மட்டும் 20 தடவைக்கு மேல கேட்டவர். அதுக்கு தொடர்ந்து குறுக்கே நின்னது யாருன்னா இதே ஃபெர்டினாண்ட்தான்! செர்பியாவோட மோதுனா ரஷ்யா வரும், அது ரெண்டு ராஜ வம்சத்தையும் அழிச்சிடும்னு அவர் நம்புனார். அதனால அவர் உயிரோட இருந்தா ஒரு சாக்கு குறைஞ்சிருக்கும்னு மட்டும் சொல்லாதீங்க, போர் வேண்டாம்னு சொல்ல ஆஸ்திரியத் தலைநகர் வியன்னால ஒரு பெரிய ஆளும் இருந்திருப்பார்.

கேள்வி: உங்க கைல ஒரே ஒரு நாள மாத்துற வாய்ப்பு குடுத்தா எந்த நாள மாத்துவீங்க?

யோசிக்கவே வேணாம், ஜூலை 28. கொலை நடந்த நாள விட இந்த நாள்தான் என்னை ரொம்ப வருஷமா தூங்கவிடாம பண்ணுது.

கதை என்னன்னா, கொலைக்குப் பின்னாடி செர்பியா இருக்குன்னு சொல்லி ஆஸ்திரியா ஜூலை 23 சாயங்காலம் செர்பியாவுக்கு 48 மணி நேர கெடு வச்சு ஒரு இறுதி எச்சரிக்கை குடுக்குது. பிரான்ஸ் ஜனாதிபதி புவான்காரே அப்போ ரஷ்யாவுக்கு விருந்தாளியா போயிருந்தார், அவரும் ரஷ்யப் பேரரசர் ஜாரும் ஒண்ணா உக்காந்து பேசிடக் கூடாதுன்னு அவர் கப்பல் ஏறுற வரைக்கும் காத்திருந்து குடுத்தாங்க. 25ம் தேதி செர்பியா பதில் குடுக்குது, கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் இறங்கி வந்துட்டாங்க, ஆஸ்திரிய அதிகாரிங்க எங்க நாட்டுக்குள்ள வந்து கொலை விசாரணைல கலந்துக்க விடமாட்டோம்னு மட்டும் உறுதியா சொன்னாங்க.

ஜெர்மனி கைசர் (பேரரசர்) வில்ஹெல்ம் அப்போ நார்வே பக்கம் கப்பல்ல சுத்திட்டு 27ம் தேதிதான் திரும்பி வரார். 28ம் தேதி காலைல அந்த செர்பிய பதில படிக்கிறார். படிச்சிட்டு அதோட ஓரத்துலயே, இது வியன்னாவுக்கு பெரிய வெற்றி, இனிமே போருக்கு எந்தக் காரணமும் இல்லன்னு அர்த்தம் வர்ற மாதிரி கைப்பட எழுதுறார். ஆஸ்திரியா வேணும்னா செர்பியத் தலைநகர் பெல்கிரேட மட்டும் புடிச்சு பிணையா வச்சுக்கிட்டு பேச்சுவார்த்தைக்கு வரட்டும்னு ஒரு யோசனையும் சொல்றார். மூணு வாரம் முன்னாடி, ஜூலை 5ல, "என்ன வேணா பண்ணுங்க நாங்க இருக்கோம்"னு ஆஸ்திரியாவுக்கு வாக்கு குடுத்த அதே மனுஷன்!

ஆனா அவர் எழுதுன அதே நாள் ஆஸ்திரியா செர்பியாவுக்கு போர் அறிவிப்ப தந்தியிலயே அனுப்பிடுச்சு. கோன்ராட் என்ன சொல்லியிருந்தார்னா, ஆகஸ்ட் 12 வாக்குல வரைக்கும் என் படை ரெடியாகாதுன்னு. படையே ரெடியில்லாதப்ப எதுக்கு அவசரமா அறிவிச்சாங்க? யாராவது சமாதானம் பேச உள்ள வந்துடுவாங்கன்னு பயந்துதான் வெளியுறவு அமைச்சர் பெர்ச்டோல்ட் அவசரப்பட்டார். அந்தப் பக்கம் பெர்லின்ல சான்சலர் பெத்மான் ஹோல்வெக், கைசரோட யோசனைய அன்னிக்கு ராத்திரிதான் வியன்னாவுக்கு அனுப்புறார், அதுலயும் "போருக்குக் காரணம் இல்ல"ங்கிற முக்கியமான வரிய எடுத்துட்டு.

இப்ப கைசர் ரெண்டு நாள் முன்னாடி திரும்பியிருந்தா? 26ம் தேதியே அந்தப் பதில படிச்சிட்டு வியன்னாவுக்கு நேரடியா "நிறுத்துங்க"ன்னு சொல்லியிருந்தா, பெர்லின் துணையில்லாம ரஷ்யாவ எதிர்க்குற தெம்பு ஆஸ்திரியாவுக்குக் கிடையாது. இது ஏதோ கற்பனைனு நினைக்காதீங்க, 1912-13 பால்கன் போர் சமயத்துல ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் எல்லைல படைய குவிச்சிட்டு அப்புறம் பின்வாங்கியிருக்காங்க, லண்டன்ல பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே தலைமைல தூதர்கள் மாசக்கணக்குல உக்காந்து பேசி முடிச்சாங்க. அவங்களுக்கு மாசக்கணக்குல டைம் கிடைச்சுது. 1914ல கெடு முடிஞ்சு மூணாவது நாள் போர்.

கேள்வி: கைசர் கடைசி நிமிஷத்துல படைய நிறுத்தப் பாத்தார்னு படிச்சேன். உண்மையா? அது நடந்திருந்தா?

உண்மைதான், ஆகஸ்ட் 1 சாயங்காலம். ரஷ்யாவோட போர் வந்தாலும் முதல்ல பிரான்ஸ தாக்குறதுதான் ஜெர்மனியோட பிளான். பிரான்ஸ தாக்கலன்னா பிரிட்டன் ஒதுங்கி நிக்கும்ங்கிற மாதிரி லண்டன் தூதர் லிக்னோவ்ஸ்கிகிட்டருந்து ஒரு தந்தி வருது. கைசருக்கு ஒரே சந்தோஷம், அப்ப மொத்தப் படையையும் கிழக்க ரஷ்யா பக்கம் திருப்புங்கன்றார். தளபதி மோல்ட்கே முடியவே முடியாதுன்னுட்டார். சுமார் 11,000 ரயில், ஒவ்வொண்ணும் எந்த நிமிஷம் எந்தப் பாலத்தத் தாண்டணும்னு போட்ட டைம்டேபிள், ஒரு வருஷ வேலை, அத ஒரு ராத்திரில மாத்துனா வர்றது படை இல்ல, வெறும் கூட்டம்ங்கிறது அவர் வாதம். அவரோட பெரியப்பாவும் பேர்போன தளபதி, "உங்க பெரியப்பாவா இருந்தா வேற பதில் சொல்லியிருப்பார்"னு கைசர் சொன்னது மோல்ட்கேவ அப்படியே உடைச்சிடுச்சு.

அதே சாயங்காலம் ஏழு மணி வாக்குல லக்சம்பர்க் எல்லைல ஒரு சின்ன ரயில் ஸ்டேஷன ஜெர்மன் சிப்பாய்ங்க புடிச்சிட்டாங்க, அரை மணி நேரத்துல இன்னொரு குரூப் கார்ல வந்து, தப்பு நடந்துபோச்சு திரும்புங்கன்னு கூட்டிட்டுப் போச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு, அந்தத் தகவலே தப்புன்னு பிரிட்டிஷ் மன்னர்கிட்டருந்து தந்தி வர, கைசர் மோல்ட்கேகிட்ட இனி உங்க இஷ்டம்னுட்டார்.

கிழக்க திருப்பியிருக்க முடியுமான்னா, முடியும்னு ஜெர்மன் ரயில்வே பிரிவு தளபதியே பின்னாடி வாதாடியிருக்கார். ஆனா என்னால முழுசா ஒத்துக்க முடியல. கிழக்குப் போருக்குன்னு தனியா ஒரு பிளான் இருந்துச்சு, அத வருஷா வருஷம் புதுப்பிக்கிறத 1913லயே நிறுத்திட்டாங்க. அந்த பிளான் மேசைல இருந்திருந்தா கைசர் கேட்டதுக்கு மோல்ட்கே முடியாதுன்னு சொல்லியிருக்க முடியாது. அதனால அந்த சாயங்காலத்த மாத்தணும்னா ஒரு வருஷம் முன்னாடி போகணும்.

கேள்வி: ஜெர்மனியும் ரஷ்யாவும் 1905ல ஒரு ரகசிய ஒப்பந்தம் போட்டாங்களாமே? அது நிலைச்சிருந்தா?

பியோர்க்கோ ஒப்பந்தம். 1905 ஜூலைல பின்லாந்து கடலோரமா ரெண்டு ராஜாக்களும் கப்பல்ல சந்திச்சு, ஐரோப்பால நம்மள யாராவது தாக்குனா ஒருத்தருக்கொருத்தர் துணைன்னு கையெழுத்துப் போட்டாங்க. சுஷிமா கடல் சண்டைல ஜப்பான்கிட்ட கப்பற்படைய பறிகொடுத்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு, ஜார் நிக்கோலஸ் நொந்துபோயிருந்த நேரம்.

நிலைச்சிருந்தா ஐரோப்பா மேப்பே வேறதான், ஆனா நிலைச்சிருக்க வழியே இல்ல. ரஷ்யா பிரான்ஸோட ஏற்கனவே கூட்டணில இருக்கு, பிரெஞ்சுக் கடன் இல்லாம கஜானாவே ஓடாது, அதனால அமைச்சர்கள் லாம்ஸ்டோர்ஃப், விட்டே ரெண்டு பேரும் ஜாரை பின்வாங்க வச்சிட்டாங்க. ஜெர்மனிலயும் சான்சலர் பூலோ ராஜினாமா பண்றேன்னு மிரட்டுனார். ராஜாக்களுக்குள்ள கடிதத்துல எவ்வளவு பாசம் இருந்தாலும் பணம் பாரிஸ்ல இருந்துச்சு.

கேள்வி: பிரிட்டன் சேராம இருந்திருந்தா ஜெர்மனி ஜெயிச்சிருக்குமா?

பிரான்ஸ தோக்கடிச்சிருக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்னு நினைக்கிறேன், முக்கியமா கடல் முற்றுகை இல்லாம இருந்திருக்கும். ஆனா நடுநிலை நாடா இருக்க பிரிட்டன் உத்தரவாதம் குடுத்திருந்த பெல்ஜியத்துக்குள்ள ஜெர்மனி கால் வச்சப்புறம் பிரிட்டன் சேராம இருக்குறது ரொம்ப கஷ்டம். ஆகஸ்ட் 1 வரைக்கும் அந்த கேபினெட்ல நிறைய பேர் போர் வேண்டாம்னுதான் இருந்தாங்க, பெல்ஜியம்தான் அவங்க மனச மாத்துச்சு, கடைசில ராஜினாமா பண்ணி வெளிய போனது மார்லியும் பர்ன்ஸும் மட்டும்தான். எனக்கு கிரே மேலதான் வருத்தம். பிரான்ஸ் உள்ள வந்தா நாங்க சும்மா இருக்க முடியாதுன்னு ஜெர்மன் தூதர்கிட்ட அவர் பளிச்சுன்னு சொன்னது ஜூலை 29ல. அத ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருக்கலாம்.

கேள்வி: ரஸ்புடினுக்கு அப்போ கத்திக்குத்து விழாம இருந்திருந்தா ஜாரைத் தடுத்திருப்பாரா?

ஜார் குடும்பத்துக்கு நெருக்கமான சாமியார் அவர். அவர சைபீரியால ஒரு பெண் குத்துனது 1914 ஜூலை 12ல, படுக்கைல இருந்தபடியே போர் வேண்டாம்னு ஜாருக்கு சொல்லி அனுப்புனார். பக்கத்துல இருந்திருந்தாலும் தடுத்திருப்பார்னு எனக்குத் தோணல, அரசாங்க விஷயத்துல அவர் கை ஓங்குனது 1915ல ஜார் போர்முனைக்குப் போனதுக்கு அப்புறம்தான். ஜாருக்கே போர் வேண்டாம்னுதான் இருந்துச்சு, 29ம் தேதி ராத்திரி முழுப் படைதிரட்டல் உத்தரவ அவரே நிறுத்தி வச்சார், மறுநாள் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் பேசிப் பேசி திரும்ப வாங்கிட்டார்.

யாரும் அதிகம் பேசாத ஒண்ணு சொல்றேன். அதே 29ம் தேதி ஜார் கைசருக்கு அனுப்புன தந்தில, ஆஸ்திரியா-செர்பியா பிரச்சனைய, நாடுகளுக்குள்ள வர்ற தகராறுகள தீக்குற ஹேக் நீதிமன்றத்துக்கு விடலாமேன்னு கேட்டிருந்தார். பெத்மான் அத சட்டை பண்ணவே இல்ல. 1904ல ரஷ்யக் கப்பற்படை வடகடல்ல பிரிட்டிஷ் மீன்பிடி படகுகள ஜப்பான் கப்பல்னு நினைச்சு சுட்டு, ரெண்டு நாடும் போர் வாசல் வரைக்கும் போய், கடைசில ஹேக் ஒப்பந்தப்படி ஒரு விசாரணைக் குழு பாரிஸ்ல உக்காந்து, ரஷ்யா 66,000 பவுண்டு நஷ்டஈடு குடுத்து முடிஞ்சுது. பத்து வருஷம் முன்னாடி வேலை செஞ்ச அந்த வழி 1914லயும் திறந்துதான் இருந்துச்சு, ஜார் அதத்தான் கேட்டார்.