வாசகர் கேள்விகள்: மோசடி அழைப்புகளும் மின்னஞ்சல்களும்

கேள்வி: தனியாக வசிக்கும் என் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அழைப்பு வந்தது. போலீஸ் சீருடையில் இருந்தவர், அப்பாவின் ஆதார் எண்ணைச் சரியாகச் சொல்லி, அந்த எண்ணைப் பயன்படுத்தி மும்பையிலிருந்து போதைப்பொருள் பார்சல் அனுப்பப்பட்டிருப்பதாகவும், அவர் ‘டிஜிட்டல் கைது’ செய்யப்பட்டிருப்பதாகவும் கூறியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தற்செயலாகக் கதவைத் தட்டியதால் பணம் தப்பியது. அப்பா இன்னமும் பயந்தபடியே இருக்கிறார். சட்டத்தில் இப்படி ஒன்று உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: கிடையாது. கைது என்றால் காவலர் நேரில் வந்து, காரணத்தைச் சொல்லி, குடும்பத்தாருக்கும் தெரிவிக்க வேண்டும். ‘டிஜிட்டல் கைது’ என்று எதுவும் சட்டத்தில் இல்லை என்பதை 2024 அக்டோபரில் பிரதமரே தமது வானொலி உரையில் எடுத்துச் சொன்னார். இதை அப்பாவிடம் சொல்லுங்கள். ஓரளவு மனம் தெளிவார்.

இத்தகைய அழைப்புகளில், கேமராவை அணைக்கக் கூடாது, அறையை விட்டு வெளியே போகக் கூடாது, இரகசிய விசாரணை என்பதால் பெற்ற பிள்ளைகளிடம்கூடப் பேசக் கூடாது என்று அடுக்கடுக்காகக் கட்டளையிடுவார்கள். மிரட்டலைக் காட்டிலும் இப்படி ஆளைத் தனிமைப்படுத்துவதையே பெரிய ஆபத்தாக நான் கருதுகிறேன். உயர்பதவி வகித்து ஓய்வுபெற்றவர்களும் இதில் சிக்குவதற்குக் காரணம், இன்னொருவரிடம் ஒரு வார்த்தை கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லாமல் போவதுதான். உங்கள் அப்பாவைக் காப்பாற்றியதும் கதவைத் தட்டிய அந்த மனிதர்தானே.

சிம் கார்டுக் கடை முதல் தங்கும் விடுதி வரை ஆதார் நகலைக் கொடுத்துவருகிறோம். எனவே, எண்ணைச் சரியாகச் சொல்வதாலேயே ஒருவர் அதிகாரி ஆகிவிட மாட்டார். ‘சரிபார்த்துத் திருப்பித் தருகிறோம், ரிசர்வ் வங்கிக் கணக்குக்குப் பணத்தை மாற்றுங்கள்’ என்று இவர்கள் சொல்வதும் பொய்யே. ரிசர்வ் வங்கி தனிநபர்களுக்குக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. இனி இப்படி அழைப்பு வந்தால், பதில் எதுவும் சொல்லாமல் துண்டித்துவிட்டு முதலில் உங்களை அழைக்க வேண்டும் என்று அப்பாவுடன் பேசிவைத்துக்கொள்ளுங்கள். பணம் போகாவிட்டாலும் அந்த எண்ணை அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ‘சக்‌ஷு’ பகுதியில் தெரிவிக்கலாம்.

கேள்வி: வருமான வரி ரீஃபண்டு வந்திருப்பதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. அரசு முத்திரையெல்லாம் இருக்கிறது. போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், மதுரை

பதில்: முத்திரையை யாரும் நகலெடுத்து ஒட்டலாம், அனுப்புநர் என்று தெரியும் பெயரையும் யாரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். லிங்க்கை அழுத்தாமல், அதன் முகவரியை மட்டும் பாருங்கள். தொடக்கத்தில் உள்ள ‘https://’ என்பதை விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்குச் (/) சற்று முன்னால் உள்ள பகுதிதான் தளத்தின் சொந்தக்காரரைக் காட்டும். வருமான வரித்துறையின் தளமாக இருந்தால் அது ‘கவ் டாட் இன்’ (gov.in) என்று முடியும். அதே சொற்கள் முகவரியின் நடுவில் வந்து, அதற்குப் பின் வேறொரு பெயரும் ‘டாட் காம்’ போன்ற முடிவும் இருந்தால் அது போலி. ரீஃபண்டு உண்டா என்பதை, நீங்களே பிரவுசரில் வரித்துறைத் தள முகவரியைத் தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள்.

கேள்வி: ‘மின்கட்டணம் கட்டாததால் இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்’ என்ற குறுஞ்செய்தியை நம்பி, அதிலிருந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொன்ன ஆப்பையும் போட்டு, ஓ.டி.பி.யையும் சொல்லிவிட்டேன். 48,000 ரூபாய் போய்விட்டது. வீட்டில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.
– வாசகி, சேலம்

பதில்: இதில் நீங்கள் வெட்கப்பட எதுவும் இல்லை, குற்றம் செய்தவர்கள் அவர்கள். இன்னும் புகார் செய்யவில்லையென்றால், இதைப் படித்து முடிப்பதற்குள் சைபர் மோசடிப் புகார்களுக்கான அரசின் உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் அனுப்பப்பட்டு, அந்தக் கணக்கில் மிஞ்சியிருக்கும் தொகை முடக்கப்படும். திருடர்களோ பிறர் பெயரிலுள்ள பல கணக்குகளுக்குச் சில நிமிடங்களிலேயே பணத்தைப் பிரித்துவிடுகிறார்கள் என்பதால், தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கடினம். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அந்த ஆப் இன்னும் போனில் இருந்தால், உங்கள் திரையை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். இணையத் தொடர்பைத் துண்டித்து ஆப்பை நீக்குங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

வங்கிக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது; தெரிவித்த பிறகு நேரும் இழப்பை வங்கி ஏற்க வேண்டும். புகார் கொடுத்த நேரம் ஒப்புகையில் பதிவாகியிருப்பது அதனால்தான் முக்கியம்.

இன்னொன்று: பணத்தை இழந்தவர்களின் பட்டியல் மோசடிக்காரர்களிடையே கைமாறுவதுண்டு. சில வாரங்கள் கழித்து ‘சைபர் கிரைமிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, கட்டணம் மட்டும் அனுப்புங்கள்’ என்று யாராவது அழைத்தால் அனுப்பிவிடாதீர்கள். 1930இல் புகார் செய்வதற்குக் கட்டணமே கிடையாது.