வேகத்தைக் குறைத்தால் சூடு குறையுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: 105 வாட் என்று பார்த்துத்தான் ரைசன் பிராசசர் வாங்கினேன். வீடியோ ரெண்டர் செய்யும்போது 140 வாட்டைத் தொடுகிறது. போலியைத் தலையில் கட்டிவிட்டார்களா?

ப: போலி இல்லை. ஆனால் கோபம் நியாயமானது, எனக்கும் பல வருஷமாக இதே கோபம்தான். அந்த 105 டிடிபி எனப்படும் எண். எவ்வளவு பெரிய கூலர் வேண்டும் என்பதற்கான கணக்கு அது, பிராசசர் இழுக்கும் மின்சாரத்தின் உச்சம் அல்ல. 105 வாட் ரைசனுக்கு மதர்போர்டு சாக்கெட் வழியாக 142 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. இன்டெல் 13900கே-வில் 125 என்பது அடிப்படை, டர்போவில், அதாவது தானாக வேகத்தைக் கூட்டி ஓடும்போது, 253. வாங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது எந்த எண் என்று நினைக்கிறீர்கள்? இது போதாதென்று, பல மதர்போர்டுகள் அந்த உச்ச வரம்பையும் எடுத்துவிட்டுத்தான் கடைக்கு வந்தன. சரி, உங்களுக்கு வழி இருக்கிறது: பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கிற மதர்போர்டு செட்டிங்) ஈகோ மோடு என்ற மின்சாரச் சிக்கன வசதியை 65 வாட் என்று வையுங்கள், இழுவை 88 வாட்டில் நின்றுவிடும். ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும், கேமில் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது.

கே: கம்ப்யூட்டரில் டைப் செய்வதும் மெயில் பார்ப்பதும்தான் வேலை. அண்டர்கிளாக் செய்து பிராசசர் வேகத்தைக் குறைத்தால் கரண்ட் பில் குறையுமா?

ப: குறையாது. சும்மா இருக்கும்போது பிராசசர் தானாகவே வேகத்தை இறக்கிக்கொள்ளும். மானிட்டர் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

கே: வேகத்தைக் குறைப்பதா, வோல்டேஜைக் குறைப்பதா, எது லாபம்?

ப: வோல்டேஜ். பிராசசர் வேலை செய்யும்போது செலவாகும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு (வோல்டேஜை வோல்டேஜாலேயே பெருக்கினால் வருவது) நேர் விகிதத்திலும் கூடும். வேகத்தை மட்டும் 10 சதவீதம் குறைத்தால் அந்தச் செலவில் 10 சதவீதம்தான் குறையும், வோல்டேஜை 10 குறைத்தால் 19, இரண்டையும் குறைத்தால் 27. லேப்டாப் என்றால் வோல்டேஜை மாற்ற முடிகிறதா என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். நான் விசாரிக்கவில்லை. மெல்லிசாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு ஒன்று வாங்கினேன், மடியில் வைத்தால் இஸ்திரிப்பெட்டிதான். வோல்டேஜைக் குறைக்கலாம் என்று திறந்தால் அந்த ஸ்லைடர் சாம்பல் நிறத்தில் நகராமல் நிற்கிறது. 2019-ல் வோல்டேஜ் மாற்றும் வசதியையே தாக்குதலுக்குப் பயன்படுத்தும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் கோளாறு வெளியானதும் பல கம்பெனிகள் பயாஸிலேயே அதைப் பூட்டிவிட்டன. கடைசியில் விண்டோஸ் பவர் ஆப்ஷனில் அதிகபட்ச பிராசசர் நிலையை 99 சதவீதம் ஆக்கினேன். டர்போ நின்றது, ஃபேன் இரைச்சலும் அடங்கியது. காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பங்கு போனது போனதுதான்.

கே: ஒரு வீடியோ பார்த்து வோல்டேஜை ஒரேயடியாக 150 மில்லிவோல்ட் குறைத்தேன். இப்போது அடிக்கடி நீலத்திரை. வாரண்டியில் மாற்றித் தருவார்களா?

ப: எதை மாற்ற? பிராசசர் நன்றாகத்தான் இருக்கிறது. பயாஸை ரீசெட் செய்யுங்கள், பத்துப் பத்தாக இறக்குங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரமாவது முழு லோடில் ஓட்டிப் பாருங்கள். அந்த வீடியோக்காரரின் பிராசசர் வேறு, உங்களுடையது வேறு. முக்கியமான ஃபைல் ஏதாவது கெட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள், இதைக் கேட்கத் தோன்றவில்லையே உங்களுக்கு!

கே: 13-ஆம் தலைமுறை ஐ9 கம்ப்யூட்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். விற்றவர் வீட்டில் அரை மணி நேரம் அருமையாக ஓடியது. நான் பயாஸை ரீசெட் செய்த நாளிலிருந்து கேம் திறந்தாலே கிராஷ். கேட்டால், "நல்லாத்தானே பார்த்து எடுத்துட்டுப் போனீங்க" என்கிறார்.

ப: உங்கள் மேல் தப்பில்லை. பிராசசர் கெட்டிருப்பது விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், பயாஸில் வேகத்தை இறக்கி வைத்தால் அது கொஞ்ச நாள் ஒழுங்காக நடிக்கும் என்பதும். நீங்கள் ரீசெட் செய்ததும் பழைய வேகம் திரும்பி வந்து வேஷம் கலைந்திருக்கும். அந்த அரை மணி நேரத்தில் பயாஸைத் திறந்து பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? 13, 14-ஆம் தலைமுறையில் அதிக வோல்டேஜால் பிராசசர்கள் பழுதாவதை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, வாரண்டியை 2 வருஷம் நீட்டியது. பயாஸ் அப்டேட் புதுப் பழுதைத் தடுக்கும், கெட்டதைச் சரிசெய்யாது. ஆகவே விற்றவரிடம் பணத்தைக் கேளுங்கள், தரமாட்டேன் என்றால் ஒரிஜினல் பில்லையாவது வாங்கி வாரண்டிக்கு விண்ணப்பியுங்கள். அவர் போட்ட விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், இன்றைக்கே, அழிப்பதற்குள்.