ராயக்கோட்டையை நாள்தோறும் கடக்கும் வாசகருக்கு

கேள்வி: நான் பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் தினமும் போய்வருகிறேன். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, வயது 26. ஷிப்ட் முடிந்து வந்ததும் கைப்பேசியில் வீடியோ பார்ப்பதுதான் எனக்கு ஓய்வு. இளைஞர்கள் திரையை விட்டு வெளியே வந்து வாழ வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். இமயமலை, அமேசான் காடு, ஆழ்கடல் எல்லாவற்றையும் நான் செலவில்லாமல் பார்த்துவிட்டேன். சாகசம் என்பது பணமும் விடுமுறையும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு. எங்களைப் போன்றவர்கள் திரையில் பார்த்துத் திருப்தி அடைவதில் என்ன தவறு? கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் என் தங்கையும் இப்படித்தான் பொழுதைப் போக்குகிறாள்.
— ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: ஷிப்ட் முடிந்து வருகிற உடம்பின் களைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஷிப்ட் மாறி மாறி வரும்போது தூக்கம் கெடுகிறது, பசிக்கிற நேரம் மாறுகிறது, சில வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வருவதே இல்லை. அந்த நிலையில் படுத்துக்கொண்டு அரை மணி நேரம் எதையாவது பார்ப்பவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதம் அந்த அரை மணி நேரத்தைப் பற்றியதாக இல்லை. உலகத்தைப் பார்த்தாயிற்று, இனி எங்கும் போகத் தேவையில்லை என்கிற முடிவுக்கு 26 வயதிலேயே வந்துவிட்டீர்கள். அந்த முடிவைத்தான் மறுக்கிறேன். கொஞ்சம் கடுமையாகவே மறுக்கிறேன்.

அதை ஓய்வு என்கிறீர்கள். உங்கள் ஓய்வை விற்பவர்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். நெட்பிளிக்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ், தாங்கள் போட்டியிடுவது மனிதர்களின் தூக்கத்தோடுதான் என்று 2017-இல் வெளிப்படையாகவே சொன்னார். 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது; ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது; செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் உலகிலேயே முதலாவதாக இந்தியாவில் வெள்ளோட்டம் விடப்பட்டது. உங்கள் மாலைப்பொழுது ஒரு மாதம்கூட வெறுமனே கிடக்க விடப்படவில்லை. ஒரு வீடியோ முடிந்தவுடன் அடுத்தது தானாக ஓடத் தொடங்குவதும், விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் முடியாமல் நீள்வதும் தற்செயலாக அமைந்தவை அல்ல. போதுமா என்று நீங்கள் யோசிக்கக்கூடிய இடைவெளியை அந்த அமைப்பு எடுத்துவிடுகிறது. களைத்துப் படுத்தவர் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து மறுநாள் பேருந்தில் தூங்கி வழிகிறார் என்றால், அவருக்கு ஓய்வு கிடைத்ததாக நான் எப்படி ஒப்புக்கொள்வேன்?

பார்ப்பதே தவறு என்பது என் வாதம் இல்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மக்கள் இரவிரவாகக் கண்விழித்துப் பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் 18 நாள் பாரதம் நடக்கும்போது பகலில் கதை படிக்கிறார்கள், இரவு முழுவதும் தெருக்கூத்து ஆடுகிறார்கள். அர்ச்சுனன் தபசன்று வேடமிட்டவர் உயர்ந்த கம்பத்தின் உச்சிக்குப் பாடிக்கொண்டே ஏறுகிறார். படுகளத்தன்று களிமண்ணால் செய்த துரியோதனன் திடலில் மல்லாந்து கிடக்கிறான். அதைப் பார்க்க வந்து உட்கார்ந்திருப்பவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். கூத்துக்கு வரி கொடுத்தவரும், காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருப்பவரும், துரியோதனனுக்கு மண் சுமந்தவரும், மாலையில் தீமிதிக்க இறங்கப் போகிறவரும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். கூத்தாடியின் தொண்டை கட்டினால் முன்வரிசையில் இருப்பவருக்கு அது தெரிகிறது. அவரே எழுந்து போய்ச் சுக்குக் காப்பிக்கு ஏற்பாடு செய்கிறார். பார்த்த கதை பார்த்தவரிடம் ஒரு வேலையைக் கேட்டது, அவரும் செய்தார்.

உங்கள் கைப்பேசி உங்களிடம் எதையும் கேட்பதில்லை. அமேசான் காடு எரிவதைப் பார்க்கும்போது உங்கள் மனம் பதைக்கத்தான் செய்யும். அந்தப் பதைப்பு என்னவென்று நீங்கள் உணர்வதற்குள் சமையல் குறிப்பு ஒன்றோ நடனம் ஒன்றோ வந்துவிடுகிறது. அக்கறை பிறக்கிறது, செய்வதற்கு வேலை எதுவும் கிடைக்காமல் தணிந்துபோகிறது; மறுபடியும் பிறக்கிறது, மறுபடியும் தணிகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்தால், எதன்மீது அக்கறை கொண்டும் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மனம் பழகிவிடும். நேரம் வீணாவதைவிட இதுதான் பெரிய இழப்பு என்று நான் கருதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கவலை தந்ததும் இதுவே.

சாகசம் பணக்காரர்களுக்கு உரியது என்கிறீர்கள். விளம்பரங்களில் வருகிற சாகசத்தை மட்டும் பார்த்தவருக்கு அப்படித்தான் தோன்றும். நம் பகுதியின் நடுகற்களைப் பாருங்கள்; தருமபுரி அகழ்வைப்பகத்திலேயே பல இருக்கின்றன. கவர்ந்து செல்லப்பட்ட மாடுகளை மீட்கப் போய் இறந்தவர்களுக்கும், ஊருக்குள் வந்த புலியோடு பொருதி இறந்தவர்களுக்கும் நட்ட கற்கள் அவை. அவர்களில் எவரும் பொழுதுபோகாமல் சாகசம் தேடிப் புறப்பட்டவர்கள் அல்லர். மாடு போயிற்று, எழுந்து போனார்கள்.

உங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பாப்பாரப்பட்டியில் அடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் கதையும் அத்தகையதே. 1884-இல் வத்தலக்குண்டில் பிறந்த அவர், 1908-இல் வ.உ.சிதம்பரனாருடன் சேர்த்துத் தண்டிக்கப்பட்டு, சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தார். நோயைக் காரணம் காட்டி, அவர் ரயிலில் பயணம் செய்யக் கூடாது என்று ஆங்கில அரசு தடை விதித்தது. புண்பட்ட கால்களோடு அவர் ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப விரும்பினார். 1923-இல் வங்கத்து விடுதலை இயக்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் எழுவதைப் பார்க்காமலேயே 1925 ஜூலை 23 அன்று, 40 வயதில், அங்கேயே இறந்தார். பணம், விடுமுறை, உடல்நலம், ரயில் சீட்டு ஆகிய எதுவும் அவரிடம் இல்லை. அவரைப் போல ஆகிவிடுங்கள் என்று உங்களிடம் சொல்வது நியாயமில்லை; நான் சொல்லவும் இல்லை. வசதி இருந்தால்தான் மனிதன் முழுமையாக வாழ முடியும் என்கிற வாதத்தை மட்டும், அவர் நடந்த மண்ணில் இருந்துகொண்டு முன்வைக்காதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? உங்கள் பேருந்து நாள்தோறும் இரண்டு முறை ராயக்கோட்டையைக் கடக்கிறது. ஊருக்கு மேலே நிற்கிற அந்த மலையில், மைசூர்ப் பீடபூமியிலிருந்து பாராமகாலுக்கு, அதாவது நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிக்கு, இறங்கும் வழியைக் காத்த கோட்டை இருக்கிறது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791-இல், மேஜர் கௌடியின் தலைமையில் வந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிப் படை அதைத் திப்புவின் வீரர்களிடமிருந்து கைப்பற்றியது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி பாராமகால் முழுவதுமே கும்பினியின் கைக்குப் போயிற்று. இந்தச் செய்தியைக் கைப்பேசியிலும் படித்துவிடலாம். ஆனால் வழுக்குப் பாறையில் எங்கே கால் வைப்பது என்று உங்களுக்காக வேறு யாரும் முடிவு செய்ய முடியாது. முள் கிழிக்கும், வழி தவறும், மூச்சு வாங்கும். மேலே போய் நின்று உடைந்த மதிலையும் கீழே தக்காளி வயல்களையும் பார்க்கும்போது, இவ்வளவு உயரத்தில் இருந்தவர்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள், மழை பொய்த்த ஆண்டில் எதைத் தின்றார்கள் என்று ஒரு கேள்வியாவது உங்களுக்குப் பிறக்கும். அந்தக் கேள்வி உங்களுடையது. விடை தேடி நீங்கள் கீழே இருக்கும் டீக்கடைப் பெரியவரிடம் பேசுவீர்கள், நூலகத்துக்குப் போவீர்கள், அடுத்த மலைக்கும் போவீர்கள்.

சூளகிரிப் பக்கத்து மல்லசந்திரத்தில், பெருங்கற்கால மக்கள் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய கல்திட்டைகள் குன்றின்மீது கூட்டமாக நிற்கின்றன. பர்கூர் வட்டாரத்து மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வைக் கொண்டு, அங்கே இரும்பு புழங்கிய காலம் கி.மு. 2172 வரை பின்னோக்கிப் போகிறது என்று தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. நாள் முழுவதும் இரும்பைக் கையாளுகிறவர் நீங்கள். 4,000 ஆண்டுகளுக்கு முன் இதே மாவட்டத்தில் இரும்பைப் புழங்கியவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்று பார்க்க உங்களைவிடத் தகுதியானவர் யார்?

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காவிரியில் நீர்வரத்து கூடி, ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டவும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்திருக்கும் நாளில் பாறை விளிம்பில் நின்று வீடியோ எடுப்பவர் திரையை விட்டு வெளியே வந்தவர் அல்லர். மற்றவர்களின் திரைக்காகத் தம் உயிரைப் பணயம் வைக்கிறவர். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் யானைகளின் வழித்தடம். 2022-இல் காவிரி தெற்குக் காட்டுயிர் சரணாலயம் அறிவிக்கப்பட்டதும் அந்தப் பகுதியில்தான். அனுமதியில்லாமல் அங்கே நுழையாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. முறையாகப் போக வழி இருக்கிறது. தமிழக அரசு 2024-இல் 40 மலையேற்றப் பாதைகளை இணையவழி முன்பதிவோடும் வழிகாட்டிகளோடும் திறந்தது. நம் பக்கத்துக் குத்திராயன் சிகரமும் அவற்றில் ஒன்று. அதற்குக் கட்டணம் உண்டு. ராயக்கோட்டைக்குப் பேருந்துச் செலவு போதும்.

உங்கள் தங்கையைப் பற்றி ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். இந்தப் பதிலில் எனக்கு முக்கியமானது அவர்தான். நீங்கள் வெளியே போகாதது உங்கள் விருப்பம். அவர் வெளியே போகாதது அவருடைய விருப்பமா என்று வீட்டில் யாராவது கேட்டதுண்டா? படிப்பு முடிந்த பெண் மாப்பிள்ளை வரும்வரை வீட்டோடு இருக்க வேண்டும் என்கிற வழக்கம் நம் மாவட்டங்களில் இன்னும் ஆழமாக இருக்கிறது. முன்பெல்லாம் அப்படி அடைபட்ட பெண் சலித்துக்கொண்டாள், சண்டை போட்டாள், தோழியின் வீட்டுக்குப் போகவாவது அனுமதி வாங்கினாள். இப்போது அவள் கையில் கைப்பேசி இருப்பதால் சத்தமில்லை. பெற்றோருக்கும் அண்ணனுக்கும் நிம்மதி. அவர் பொழுதைப் போக்குவதாக நீங்கள் எழுதுகிறீர்கள். அவருடைய பொழுதை மற்றவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே என் எண்ணம். அண்ணனாகிய நீங்கள் கேட்டால் திறக்கக்கூடிய கதவு அது. அந்த ஒரு காரணத்துக்காகவாவது நீங்கள் எழுந்திருக்க வேண்டும்.

வார ஓய்வு வரும் நாளில் தங்கையை அழைத்துக்கொண்டு ராயக்கோட்டைக்குப் போங்கள். இரண்டு பேராகப் போக வேண்டாம் என்று வீட்டில் சொன்னால் அம்மாவையும் கூப்பிடுங்கள். அவரும் அந்த மலையை ஆயுள் முழுவதும் கீழிருந்தே பார்த்தவராக இருக்கலாம். பங்குனி, சித்திரையில் எட்டு மணிக்கெல்லாம் பாறை சுடத் தொடங்கிவிடும். ஆகையால் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் கொஞ்சம் கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிடுங்கள்.