மேடை, சினிமா, சீரியல்: அப்பாவின் பழைய நடிப்புக்கு ராயல்டி வருமா?

கேள்வி: என் அப்பா சபா நாடகங்களில் தொடங்கியவர். 1980களில் சினிமாவில் சின்னச் சின்ன வேடங்கள், பிறகு 2018 வரை டிவி சீரியல். இப்போது அவர் நடித்தவை எல்லாம் யூடியூபில் ஓடுகின்றன. ஒருவர் வீடு தேடி வந்து, "எல்லாவற்றுக்கும் ராயல்டி வாங்கித் தருகிறேன். பவர் எழுதிக் கொடுங்கள், வருவதில் 40 சதவீதம் எனக்கு, பதிவுச் செலவுக்கு 25,000 ரூபாய் முன்பணம்" என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போட வேண்டாம். முன்பணமும் கொடுக்க வேண்டாம். நடித்தவருக்குச் சட்டம் தரும் உரிமையை எந்த அலுவலகத்திலும் பதிவு செய்யத் தேவையில்லை. பிறகு அந்த 25,000 எதற்கு என்று அவரிடமே கேளுங்கள்.

80களின் சினிமாவில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். நடிப்பவருக்கென்று காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் அப்போது எதுவுமே இல்லை. தேவ் ஆனந்த் போன்ற ஒரு நட்சத்திரமே தன் நடிப்பில் தனக்குக் காப்புரிமை உண்டு என்று வாதாடி, 1978ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 1995 மே மாதம்தான் நடிப்பவருக்கு உரிமை வந்தது. அதுவும், படத்தில் நடிக்கச் சம்மதித்த நொடியே கையைவிட்டுப் போய்விடும் உரிமை.

2012 ஜூன் 21ல் அமலுக்கு வந்த திருத்தம்தான் நிலைமையை மாற்றியது. ஆகவே அதற்குப் பிறகு நடித்த சீரியல்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். எழுத்தில் சம்மதம் கொடுத்திருந்தால், தயாரிப்பாளர் அவற்றை ஒளிபரப்புவதை அப்பா தடுக்க முடியாது. ஆனால் வணிக ரீதியான பயன்பாட்டுக்கு ராயல்டி உண்டு என்று 38ஏ பிரிவு சொல்கிறது. எவ்வளவு, யாரிடம் கேட்பது? சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. பாடகர்கள் 2013லேயே தங்களுக்கென்று ஒரு காப்புரிமைச் சங்கத்தைப் பதிவு செய்து வசூலில் இறங்கிவிட்டார்கள். நடிகர்கள் தரப்பில் அப்படி ஒரு வசூல் ஏற்பாடு வேரூன்றவில்லை. உரிமையைக் கொடுத்துவிட்டு அதைப் பெறத் தெளிவான வழியைக் கொடுக்காமல் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார்கள். இந்த ஓட்டைக்குள்தான் உங்கள் வீட்டுக்கு வந்தவரைப் போன்றவர்கள் நுழைகிறார்கள்.

1995 மே மாதத்துக்குப் பிறகு போட்ட மேடை நாடகம் விதிவிலக்கு. இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், அப்பாவின் கையில் உண்மையிலேயே இருப்பது இதுதான். மேடையில் நடிப்பதற்குச் சம்மதித்தது, படம்பிடிப்பதற்குச் சம்மதித்ததாக ஆகாது. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து யாரோ கேமராவில் எடுத்ததை இன்று யூடியூபில் போட்டிருந்தால், அப்பா தடுக்கலாம், இழப்பீடும் கேட்கலாம். நடித்த வருடம் முடிந்ததிலிருந்து 50 ஆண்டுகளுக்கு இந்த உரிமை நிற்கும்: 2003ல் போட்ட நாடகம் என்றால் 2053 டிசம்பர் வரை. ஆனால் குழுவே கேமரா வைத்து எடுத்து, அப்பாவும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. அந்தப் பதிவு சினிமா மாதிரிதான். தூர்தர்ஷனுக்காக ஸ்டுடியோவில் நடித்த நாடகத்தையும் மேடைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்னொன்று, நாடகத்தின் எழுத்து எழுதியவருடையது. திருட்டு வீடியோவை அப்பா நிறுத்தலாமே தவிர, அதே வீடியோவைத் தன் சேனலில் தானே போட முடியாது.

உங்கள் அப்பாவைப் போலவே நடிகர் டெல்லி கணேஷும், காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழுவில் மேடையேறி, சினிமாவுக்கும் சீரியலுக்கும் போனவர். அந்தத் தலைமுறையில் சின்ன வேடக்காரர்களுக்குப் பெரும்பாலும் கால்ஷீட்டே வாய்ப்பேச்சுதான். சம்பளம் வாங்கும்போது வவுச்சரில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வந்தவருக்கு இது நன்றாகத் தெரியும். அப்பாவிடம் காகிதம் இல்லாததால், முதல் காகிதத்தைத் தானே எழுதிக்கொள்ளப் பார்க்கிறார். அந்தப் பத்திரத்தில் "உலகம் முழுவதும்", "நிரந்தரமாக", "இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்", "ரத்து செய்ய இயலாத" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் அது வசூலுக்கான பவர் அல்ல, உரிமையையே எழுதி வாங்கும் பத்திரம். உரிமை மாற்றும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அந்தப் பாதுகாப்பை உடைக்கத்தான் இத்தனை சொற்களும். அப்பாவின் முகத்தையும் குரலையும் கணினியில் உருவாக்கிக்கொள்ள அனுமதிக்கும் வரி எங்கே ஒளிந்திருக்கிறது என்றும் பாருங்கள். இப்போது வரும் பத்திரங்களில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

வீட்டில் இருக்கும் சபா அழைப்பிதழ்கள், நாடக நோட்டீஸ்கள், புகைப்படங்கள், வங்கிப் பாஸ்புக்குகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். 2012க்குப் பிந்தைய சீரியல்களின் டைட்டில் கார்டில் அப்பா பெயர் வரும் இடத்தைப் படமெடுத்து வையுங்கள். பெயரே போடாமல் வந்துபோகிற வேடங்களுக்கு ராயல்டி கேட்க முடியாது. மேடை வீடியோக்களின் முகவரியையும், எடுத்துப் போட்ட சேனலின் பெயரையும், தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். யூடியூபில் காப்புரிமைப் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. நாடக ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டு கொடுத்தால் வலு அதிகம். அதற்கும் அசையவில்லை என்றால், சதவீதம் பேசாமல் வேலைக்கு இவ்வளவு என்று கட்டணம் சொல்லும் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். வெல்வதில் பங்கு கேட்க வழக்கறிஞருக்கு இந்த நாட்டில் அனுமதியில்லை, கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.