ஒரே பழத்து விதை, ஆறு விதமான மரம்: பப்பாளியில் மரபணுக் கணக்கு

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் பயிர் செய்கிறோம். செம்பவாங் பக்கம் ஒரு தோழியின் தோட்டத்துப் பப்பாளி, நீளமாக, உள்ளே நல்ல சிவப்பாக, தேனாக இனித்தது. அந்த ஒரே பழத்தின் விதையைப் போட்டு ஆறு கன்று தேற்றினோம். இப்போது இரண்டு மரத்தில் உருண்டைக் காய், மூன்றில் நீளக் காய். இன்னொன்றில் கயிறு மாதிரி நீளக் காம்பில் கொத்துக்கொத்தாகப் பூ தொங்குகிறதே தவிர, காய் இல்லை. போன வாரம் நீளக் காய் மரங்களில் பழுத்ததை வெட்டினால் ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. பக்கத்து மரத்து மகரந்தம் பட்டுத்தான் பழம் மஞ்சளாகிவிட்டது என்கிறார் தோட்டத்து அண்ணன் ஒருவர். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகனோ ஜீன், அல்லீல், டாமினன்ட் என்று அடுக்குகிறான். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்த மரங்களில் மறுபடி விதை எடுக்கலாமா? இல்லை, கடையில் எஃப்1 என்று போட்டிருக்கும் பொட்டலமே மேலா?

பதில்: உங்கள் தோட்டத்து அண்ணன் சொன்னதில் பாதி சரி, அம்மா. மகரந்தம்தான் காரணம். ஆனால் இந்த வருஷத்து மகரந்தம் இல்லை, போன தலைமுறையுடையது.

பழத்தின் சதை முழுக்கத் தாய் மரத்தின் உடம்பு. இலை, தண்டு எப்படியோ அப்படியே சதையும். வெளியிலிருந்து வரும் மகரந்தம் உள்ளே இருக்கும் விதைக்குள் மட்டும்தான் புகும். அதனால் பக்கத்தில் எந்த மரம் நின்றாலும் உங்கள் பழத்தின் நிறம் மாறாது. அந்த விதையை நட்டு, அது மரமாகிக் காய்க்கும்போதுதான் அப்பன் யார் என்று தெரியும். உங்கள் மஞ்சள் பழத்தின் நிறம் செம்பவாங்கில் பூ பூத்த அன்றைக்கே முடிவான விஷயம்.

இனி உங்கள் மகன் சொன்ன சொற்களுக்கு வருவோம். ஒரு பண்புக்கான குறிப்பு மரபணு. அதைத்தான் அவர் ஜீன் என்கிறார். பப்பாளியின் ஒவ்வொரு செல்லிலும் 18 குரோமோசோம்கள், அதாவது 9 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. ஆகவே சதை நிறத்துக்கான மரபணுவும் இரண்டு பிரதியாக இருக்கும். அந்தப் பிரதிகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள்தான் அல்லீல்கள்.

பப்பாளி ஏன் சிவக்கிறது என்று பார்த்தால் ஓங்கு (உங்கள் மகன் சொன்ன டாமினன்ட்), ஒடுங்கு (அதற்கு எதிர், மறைந்து நிற்பது) என்பதெல்லாம் தானே விளங்கும். தக்காளியைச் சிவப்பாக்கும் லைக்கோபீன்தான் பப்பாளியையும் சிவப்பாக்குகிறது. சாதாரணமாக ஒரு நொதி, அதாவது என்சைம், அந்த லைக்கோபீனை மஞ்சள் நிறமிகளாக மாற்றிவிடும். அந்த நொதிக்கான மரபணுவில் எப்போதோ ஒரு சடுதிமாற்றம், அதாவது திடீர் மாற்றம், நடந்து, நொதி வேலை செய்யாமல் போனது. மாற்ற ஆளில்லாததால் லைக்கோபீன் அப்படியே தங்கிச் சதை சிவக்கிறது. இரண்டு பிரதியில் ஒன்று நல்லதாக இருந்தாலே போதும், நொதி உருவாகி லைக்கோபீனை மஞ்சளாக்கிவிடும். அதனால் மஞ்சள் ஓங்கு பண்பு, சிவப்பு ஒடுங்கு பண்பு. ஓங்கு என்றால் உசத்தி என்றோ ருசி அதிகம் என்றோ அர்த்தம் இல்லை. சந்தையில் விலை போவது பெரும்பாலும் ஒடுங்கிய சிவப்புதான்!

இதை வைத்து உங்கள் மரங்களின் குடும்பக் கதையைப் படிக்கலாம். தோழியின் பழம் சிவப்பு. அப்படியென்றால் அந்தத் தாய் மரத்தில் இரண்டு பிரதியும் சிவப்பு அல்லீல்தான், வேறு வழியே இல்லை. உங்கள் மரம் ஒன்றில் மஞ்சள் வந்ததால் அதன் தகப்பன் மஞ்சள் அல்லீலைக் கொடுத்திருக்கிறது. அதாவது அந்த மஞ்சள் மரத்துக்குள் ஒரு மஞ்சளும் ஒரு சிவப்பும் இருக்கின்றன. வெளியே தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது இரண்டு. வெளியே தெரிவதைப் புறத்தோற்றம் என்றும், உள்ளே இருக்கும் சேர்க்கையை மரபுவகை என்றும் பாடத்தில் சொல்வார்கள். இரண்டு பிரதியும் ஒன்றாக இருந்தால் தூய வகை, வேறாக இருந்தால் கலப்பு. சிவப்புப் பழ மரத்தைப் பார்த்தவுடன் தூயது என்று சொல்லிவிடலாம். மஞ்சளைப் பார்த்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாது.

தகப்பன் எது? பூ மட்டும் தொங்கும் அந்த ஆறாவது மரம்தான் அதற்குத் துப்பு. பப்பாளியில் மூன்று வகை உண்டு: ஆண், பெண், இருபால். உருண்டைக் காய் காய்ப்பவை பெண். நீளக் காய் காய்ப்பவை இருபால், ஒரே பூவில் சூலகமும் (காயாக மாறும் பகுதி) மகரந்தமும் உள்ளவை. நீளக் காம்பில் தொங்குவது ஆண். ஆகவே உருண்டையும் நீளமும் ரகம் கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. அது பால் வித்தியாசம், அவ்வளவுதான். பெண் மரத்துப் பழத்தில் உள்குழி பெரிது, சதை கொஞ்சம் மெல்லியது. அதனால் வியாபாரிகள் நீளத்தை விரும்புகிறார்கள். வீட்டில் தின்ன இரண்டும் ஒன்றுதான்.

இதன் பரம்பரைக் கணக்கை 1930களில் ஹவாயில் ஸ்டோரி என்பவரும் தென்னாப்பிரிக்காவில் ஹாஃப்மயர் என்பவரும் தனித்தனியாக அவிழ்த்தார்கள். இன்றைய சொல்லில், பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் எக்ஸ், ஒய்: பெண் மரத்துக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். இருபாலுக்கு ஓர் எக்ஸும் சற்றே வேறுபட்ட இன்னொரு ஒய்யும். எந்த இரண்டு ஒய் சேர்ந்தாலும் அந்த விதை பிழைக்காது. இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்டால், நாலில் ஒரு பங்கு இப்படி அழிந்துபோக, பிழைப்பவற்றில் இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு பெண். ஆண் கன்று வராது. ஆணின் ஒய் ஆண் மரத்திடமிருந்துதான் வர வேண்டும்.

உங்களிடம் ஆண் மரம் ஒன்று முளைத்திருக்கிறது. எனவே தோழியின் தோட்டத்திலோ அதற்குப் பக்கத்திலோ ஓர் ஆண் மரம் நின்றிருக்கிறது, அந்தப் பழத்தின் விதைகளில் சிலவற்றுக்காவது அதுதான் தகப்பன். மஞ்சள் அல்லீலும் அதே மரத்திலிருந்து வந்திருக்கலாம். காயே காய்க்காத மரமாயிற்றே, அதற்கு ஏது சதை நிறம் என்று கேட்கலாம். புறத்தோற்றத்தில் இல்லை. மரபுவகையில் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் போகிறது. அந்த ஆணுக்குள் ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு இருந்திருந்தால் பிள்ளைகளில் பாதி மஞ்சள், பாதி சிவப்பு என்று பிரியும். உங்கள் இரண்டு பழங்களும் அதற்கு ஒத்துப்போகின்றன. இரண்டு வேறு தகப்பன்கள் என்றாலும் இதே முடிவு வரலாம், ஆறு மரத்தை வைத்து அதற்கு மேல் துப்புத் துலக்க முடியாது. இந்த விகிதங்கள் எல்லாம் காசு சுண்டுவது போல. நூறு கன்றில் ஏறக்குறைய சரியாக வரும், ஆறில் எப்படியும் வரலாம். 1866இல் பட்டாணி ஆய்வை வெளியிட்ட, மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டலும் ஆயிரக்கணக்கில் செடிகளை எண்ணித்தான் ஓங்கு மூன்றுக்கு ஒடுங்கு ஒன்று என்ற கணக்கைப் பிடித்தார்.

இனிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது ஒரு மரபணுவின் வேலை அல்ல. பல மரபணுக்களோடு வெயிலும் தண்ணீரும் பொட்டாஷ் உரமும் சேர்ந்தது. புளோக் நிழலில் பாதி நாள் நிற்கும் மரத்திடம் செம்பவாங் இனிப்பை எதிர்பார்க்காதீர்கள்.

விதை எடுக்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் சும்மா பழுத்த பழத்திலிருந்து வேண்டாம். சிவப்பு காய்த்த அந்த நீள மரத்தைத் தேர்ந்தெடுங்கள். நாளைக்கு விரியப்போகிறது என்று தெரியும் மொட்டின் மேல் காகிதப்பையோ மெல்லிய துணிப்பையோ மாட்டிக் கட்டுங்கள். அதன் மகரந்தமே அதற்குப் போதும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் வண்ண நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அந்தப் பழத்தின் விதைகள் எல்லாம் சிவப்புச் சதை, மூன்றில் இரண்டு பங்கு இருபால். குழிக்கு மூன்று கன்று நட்டு, பூத்த பின் ஓர் இருபாலை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். மூன்றுமே பெண்ணாகிப்போக 27இல் ஒரு வாய்ப்புதான். மஞ்சள் மரத்தையும் இப்படிப் பை கட்டினால் விதைகள் மூன்றுக்கு ஒன்று என்று மஞ்சளும் சிவப்புமாகப் பிரியும். ஆண் மரத்தை வெட்டிவிடலாம். பெண் மரங்களுக்கு இருபால் மரங்களின் மகரந்தமே கிடைக்கும்.

எஃப்1 என்பது இரண்டு தூய வழிகளைக் கலந்த முதல் தலைமுறை. தைவானின் ரெட் லேடி அப்படிப்பட்டது. கன்றுகள் மற்ற குணங்களில் ஒன்றுபோல இருக்கும். பெண், இருபால் என்ற வகை மட்டும் அதிலும் கலந்துதான் வரும். அதன் பழத்து விதையைப் போட்டால் அடுத்த தலைமுறையில் கலப்பாக உள்ள ஜோடிகள் எல்லாம் பிரிந்து மரத்துக்கு மரம் வேறாகும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, விதியே அதுதான். மலேசியாவின் எக்சோட்டிகா வேறு கதை. மார்டி என்ற மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1987இல் வெளியிட்ட நிலைப்படுத்திய ரகம் அது, பை கட்டி எடுத்த விதை பெரும்பாலும் தாயைப் போலவே வரும். எக்சோட்டிகா இரண்டு என்று இருந்தால் அது எஃப்1. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வருஷம் பொட்டலம் வாங்காமல், கையில் இருக்கும் சிவப்பு மரத்தையே தொடர்வேன்.

கலப்பினத்தை மாறாமல் வைத்துக்கொள்ள ஒரே வழி விதை இல்லாமல் பெருக்குவது. நம் சிங்கப்பூரின் தேசிய மலர் வாண்டா மிஸ் ஜோக்கிம் இரண்டு ஆர்க்கிட் இனங்களின் கலப்பு. 1893இல் தாவரவியல் பூங்காவின் ரிட்லி அதை உலகுக்கு அறிவித்தார். இன்றுவரை தண்டை வெட்டி நட்டே அதைப் பெருக்கி வருகிறார்கள். பப்பாளியில் தோட்டக்காரர் அப்படிச் செய்வது சிரமம்.

ஒரு எச்சரிக்கை. நல்ல வெயில் காயும் வாரங்களில் இருபால் மரத்தின் பூக்களில் சூலகம் சுருங்கி ஆண் பூ போல உதிரும், சில காலம் காயே பிடிக்காது. ஆண் மரமாகிவிட்டது என்று அவசரப்பட்டு அரிவாளை எடுக்காதீர்கள். காம்பைப் பாருங்கள். குட்டையாகத் தண்டோடு ஒட்டியிருந்தால் அது இருபால்தான். தண்ணீர் விட்டு, அடியில் காய்ந்த இலை, புல்லால் மூடாக்குப் போட்டு, அடுத்த மழைவரை பொறுங்கள்.