சின்னக் கல்லூரி கோல்ஃப்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பவிருக்கும் பெற்றோர் கேட்டவை இவை. பெரும்பாலும் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) மூன்றாம் பிரிவில் வைத்திருக்கும் கல்லூரிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பையன் நன்றாக ஆடுகிறான். கோல்ஃப் உதவித்தொகை எவ்வளவு கிடைக்கும் சார்?

மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடத் தரக் கூடாது, அதுதான் விதி. ஆனால் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்தைப் பார்த்தும் கல்லூரி உதவி தரும். அதனால் கோல்ஃப் மட்டையோடு பாடப் புத்தகத்தையும் கையில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் பிரிவில் உதவித்தொகை உண்டு, ஆனால் ஆண்கள் அணி முழுவதற்கும் சேர்த்தே உச்சவரம்பு 3.6 முழு உதவித்தொகை, மகளிருக்கு 5.4. கோச் அதைப் பலருக்கும் பிரித்துத்தான் கொடுப்பார்.

அணியில் ஐந்தாவது ஆளாகத்தான் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. அதில் என்ன பயன்?

நிறைய இருக்கிறது. ஐந்து பேர் ஆடுவார்கள், ஒவ்வொரு ரவுண்டிலும் சிறந்த நான்கு ஸ்கோர்தான் கணக்கு. கோல்ஃபில் ஸ்கோர் என்பது அடித்த அடிகளின் எண்ணிக்கை, குறைந்தால்தான் நல்லது. 74, 76, 78, 81, 90 என்று வந்தால் 90 கழிந்துவிடும், அணிக்கு 309. மறுநாள் முதல் ஆட்டக்காரர் சறுக்கி 85 அடிக்கிறார், நடுவில் உள்ள மூவரும் அதே 76, 78, 81, ஐந்தாவது ஆள் 80 என்று வையுங்கள். அந்த 80 இருப்பதால் அணி 315-இல் நிற்கிறது. அவரும் முந்தின நாள் போல 90 அடித்திருந்தால் 320. ஐந்து அடி கூடினால் பட்டியலில் பல இடம் சரிந்துவிடும். நல்ல கோச் தன் ஐந்தாவது ஆளைத்தான் உற்றுப் பார்ப்பார். பெரிய பல்கலைக்கழகத்தில் பெஞ்சில் உட்காருவதைவிட இங்கே நான்கு வருடம் ஆடுவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

மகளுக்கு வாய்ப்பு எப்படி?

பையன்களைவிட நல்ல வாய்ப்பு. பல சின்னக் கல்லூரிகளில் மகளிர் அணிக்கு ஐந்து பேர் சேர்ப்பதே பெரும்பாடு. நான்கு பேர் இல்லாவிட்டால் அணி ஸ்கோரே கிடையாது, தனியாளாகத்தான் ஆட முடியும். அதனால் சேர்வதற்கு முன் அணியில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் கடைசி வருடம் என்று கட்டாயம் கேளுங்கள். ஆண், பெண் அணிகளுக்கு ஒரே கோச் இருந்தால், இரண்டு அணிக்கும் ஒரே வாரம் வெவ்வேறு ஊரில் போட்டி வந்தால் யாரோடு போவார் என்றும் கேளுங்கள். 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டம் பெண்களுக்குச் சமவாய்ப்பு கேட்கிறது. அது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று இந்தக் கேள்வியில் தெரிந்துவிடும்.

சின்னக் கல்லூரி என்றால் தரம் குறைவுதானே?

வட கரோலினாவில் ஃபேயெட்வில் ஊரின் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். மூன்றாம் பிரிவு மகளிருக்கு 2000-இல் தனிச் சாம்பியன் பட்டப் போட்டி வந்தபின் முதல் பத்தாண்டு அவர்கள் ராஜ்ஜியம்தான். கோல்ஃப் மேலாண்மைக்கென்று தனிப் படிப்பும் அங்கே உண்டு.

கோச்சுக்கு நான் எழுதலாமா?

வேண்டாம், பிள்ளையே எழுதட்டும். ஹேண்டிகேப்பைவிட (ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண்) போட்டி ஸ்கோர்தான் முக்கியம். எந்த மைதானம், எத்தனை கஜ நீளம் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். 6,000 கஜத்தில் 75-ம் 7,000 கஜத்தில் 75-ம் ஒன்றல்ல.

போட்டியில் கேடி (பை தூக்கிக்கொண்டு கூடவரும் உதவியாள்) உண்டா?

கிடையாது. பையை அவரவர்தான் தூக்க வேண்டும், அல்லது தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப் போகலாம். ஆனால் கோச் ஆலோசனை சொல்லலாம். பெரும்பாலும் ஒரு பார்-3 டீயில், அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழிக்கு முதல் அடி அடிக்கும் இடத்தில், நின்றுகொள்வார். வரும் ஒவ்வொருவரிடமும் காற்று எப்படி, எந்த மட்டை என்று பேசி அனுப்புவார்.